வரைபடத்தை நம்பி அக்காவின் அடக்கத்துக்குப் போனது

1

அக்கா இறந்து இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. ஊரில் எங்கள் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பூசை வைத்திருக்கிறார்கள். நான் போகவில்லை. விடுப்பு கிடைக்கவில்லை என்று அக்கா மகன் சேவியருக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். விடுப்பு இருக்கிறது. போன வருடம் அக்காவின் அடக்கத்துக்கு நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. மனைவி ரெஜினாவுக்கே பாதிதான் தெரியும். ஊரில் இருப்பவர்கள் படிக்கட்டும் என்று இப்போது எழுதுகிறேன். கிராமத்தின் பெயரை மட்டும் எழுதப்போவதில்லை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், முசரவாக்கத்தைத் தாண்டி உள்ளே போக வேண்டும். அவ்வளவு போதும்.

என் பெயர் அந்தோணி. இங்கே டோனி. தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு வந்து பத்தொன்பது வருடங்கள் ஆகின்றன.

2

நான் செய்வது வண்டி ஓட்டும் வேலை. உள்நாட்டில் தூரம் தூரமாகக் கிடக்கும் சின்னச் சின்ன மருத்துவமனைகளில் எடுக்கும் ரத்தம், சிறுநீர், சதைத் துண்டு எல்லாவற்றையும் குளிர்பெட்டியில் அடுக்கிப் பெரிய ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு கிலோமீட்டருக்குக் குறையாது. கோதுமை வயல், அதற்குப் பிறகு உப்புப் பூத்த தரை, அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லாத தரை. ஊர் எல்லை தாண்டிப் பத்து நிமிடத்தில் கைப்பேசியில் டவர் செத்துவிடும். அடுத்த ஊர் வரும்வரை உயிர் வராது.

வேலைக்கு வரும் புதியவர்களுக்கு நான்தான் பாடம் எடுப்பேன். டவர் இல்லாவிட்டாலும் வண்டி எங்கே நிற்கிறது என்பது திரையில் தெரியும். அதைச் சொல்வது வானத்தில் இருக்கும் செயற்கைக்கோள், அதற்கு இணையம் தேவையில்லை. ஆனால் சாலைகள் எப்படி ஓடுகின்றன என்பது செயற்கைக்கோளுக்குத் தெரியாது. அது வண்டிக்குள்ளோ கைப்பேசிக்குள்ளோ முன்கூட்டியே இறக்கி வைத்த வரைபடத்தில் இருக்க வேண்டும். இறக்கிய நாளில் சாலை எப்படி இருந்ததோ அப்படித்தான் அது காட்டும். நேற்று வெள்ளத்தில் பாலம் போயிருந்தாலும், நேராகப் போ என்றுதான் சொல்லும். அதனால் கிளம்புமுன் புதுப்பித்துக்கொள், சந்தேகம் வந்தால் இறங்கி மனிதரைக் கேள் என்று சொல்லிக்கொடுப்பேன். இத்தனை வருடத்தில் நான் வழி தவறியதில்லை.

டவர் இல்லாததில் எனக்கு வேறொரு வசதியும் இருந்தது. அக்கா மாலை நேரத்தில் போன் செய்வாள். பெயர் மரியாள். என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். பிள்ளையார்பாளையத்தில் ஒரு சாயப்பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் வேலைக்கு சைக்கிளில் போய் வந்தாள். ஒரு வாரம் கை சிவப்பாக இருக்கும், மறுவாரம் பச்சையாக இருக்கும். போனில் நிறையப் பேசுவாள். தெருவில் யாருக்குக் கல்யாணம், யார் பெண் நர்சிங் சேர்ந்தது, பஞ்சாயத்தில் என்ன சண்டை. எனக்கு அலுப்பாக இருக்கும். "அக்கா, டவர் இல்லாத இடத்துக்கு வந்துட்டேன், கட் ஆயிடும்" என்பேன். பல நாள் அப்போது வண்டி என் வீட்டு வாசலில்தான் நின்றுகொண்டிருக்கும்.

"செரிப்பா, நீ பாத்து ஓட்டு" என்று அவளே வைத்துவிடுவாள்.

3

எங்கள் நகரத்தில் தமிழர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறோம். பொங்கல், தீபாவளி என்று கூடுவோம். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: உங்களுக்கு எந்த ஊர்?

"காஞ்சிபுரம்."

"அடடே. காஞ்சிபுரத்துல எங்க? சின்ன காஞ்சிபுரமா?"

இந்த இரண்டாவது கேள்வி வழி தெரிந்துகொள்ளக் கேட்பதல்ல என்பது கேட்பவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெருவின் பெயரைச் சொன்னால் மிச்சத்தை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். நான் கிறித்தவன் என்பதால் கொஞ்சம் குழம்புவார்கள். அதற்காகவே இன்னும் நோண்டுவார்கள். "அந்தப் பக்கம்தான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுத் தட்டோடு நகர்ந்துவிடுவேன்.

என் மகள் மெர்லினுக்குப் பதினெட்டு வயது. அவள் கேட்டு வளர்ந்ததெல்லாம் இந்தக் காஞ்சிபுரம்தான்: பட்டுப்புடவை, கோபுரம், இட்லி. பள்ளியில் ஒருமுறை "என் அப்பாவின் ஊர்" என்று படம் வரையச் சொன்னதற்குப் பெரிய கோபுரமும் தேரும் வரைந்து கொண்டுபோனாள். எங்கள் தெருவில் தேர் வந்ததே கிடையாது என்று நான் சொல்லவில்லை. காலனி என்ற சொல்லே எங்கள் வீட்டில் பேசப்பட்டதில்லை. அவள் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நானும் ரெஜினாவும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததும் இல்லை. பேசாமல் இருந்தோம், அது அப்படியே பழகிவிட்டது.

4

அக்கா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சமையலறையில் விழுந்தாள். எழவில்லை. மாரடைப்பு என்று சேவியர் சொன்னான். புதன் மாலை நான்கு மணிக்கு அடக்கம். ஐந்தரைக்கு ஃபாதர் பக்கத்து ஊரில் பூசைக்குப் போக வேண்டுமாம், அதற்குமேல் தள்ள முடியாது.

"ஏர்போர்ட்டுக்கு வண்டி எடுத்துக்கினு வரட்டா மாமா?"

"வேணாம்பா. நீ அங்க வேலையப் பாரு. நானே வந்துடறேன்."

ரெஜினாவுக்கு முதியோர் இல்லத்தில் விடுப்புத் தரவில்லை. மெர்லின் வருகிறேன் என்றாள். சென்னையில் நாமே ஓட்டும் வாடகைக் காருக்கு இங்கிருந்தே ஏற்பாடு செய்தேன். அந்த வட்டாரத்தின் வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கி வைத்திருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்குப் போக நினைத்து இறக்கியது. போகவில்லை. அதைப் புதுப்பிக்கவும் இல்லை. என் சொந்த ஊருக்கு எதற்கு என்று நினைத்தேன். வழியில் சிங்கப்பூரில் விமானம் மாறும்போது விமான நிலைய வைஃபையில் சேவியருக்குச் செய்தி போட்டேன்: மூன்று மணிக்குள் வந்துவிடுவேன், வழி தெரியும்.

சென்னையில் வெளிநாட்டவர் வரிசையில் நின்றேன். என் கையில் இருந்தது ஆஸ்திரேலிய பாஸ்போர்ட். இந்திய வம்சாவளி அட்டையில் பழைய பாஸ்போர்ட்டின் எண் இருந்தது, பழையது எங்கே என்றார் அதிகாரி. வீட்டில் இருக்கிறது என்றேன். எதற்கு வந்திருக்கிறீர்கள்? சாவுக்கு. உட்காருங்கள். முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம்.

வெளியே வந்தால் கைப்பேசியில் இணைப்பு இல்லை. வெளிநாட்டில் வேலை செய்யும்படி மாற்றிக்கொண்டு வர மறந்திருந்தேன். சிம் கார்டு விற்கும் இடத்தில் ஒரு பெண் படிவத்தை நீட்டினாள்.

"லோக்கல் நம்பர் ஒண்ணு குடுங்க சார். அதுக்கு ஓடிபி வரும்."

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த இந்திய எண் ஒன்றே ஒன்றுதான். வாய் அதைச் சொல்லிவிட்டது. அவள் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"போயிருக்குது சார். கேட்டுச் சொல்லுங்க."

"கேக்க முடியாதும்மா."

"ஏன் சார்?"

"அவங்க செத்துட்டாங்க."

அந்தப் பெண் படிவத்தில் எழுதிய எண்ணை அடித்தாள். பிறகு மெதுவாக, "வேற நம்பர் இருக்குதா சார்?" என்றாள். கைப்பேசியில் இருந்த சேவியரின் எண்ணைக் கொடுத்தேன். அவள் இரண்டு முறை கூப்பிட்டாள். சாவு வீட்டில் யார் போனை எடுப்பார்கள்? சிம் இல்லாமலே கிளம்பினோம். மணி ஒன்றரை.

"பயப்படாத, டவர் இல்லாம ஓட்டறதுதான் அப்பாவோட வேலையே" என்றேன் மெர்லினிடம். அவளைச் சிரிக்க வைக்கச் சொன்னேன்.

5

நெடுஞ்சாலை வரைக்கும் எல்லாம் சரியாக இருந்தது. கைப்பேசியை வயரில் சொருகியதும் காரின் திரையில் நீலக் கோடு வந்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண் குரல் ஒவ்வொரு ஊர்ப் பெயரையும் கடித்துத் துப்பிக்கொண்டே வந்தது. எங்கள் கிராமத்தின் பெயரை அது சொன்ன விதம் எனக்கே புரியவில்லை. மெர்லின் அதேபோலச் சொல்லிப் பார்த்தாள். அவளுக்கு அதுதான் சரியான உச்சரிப்பு.

"அத்தை அங்க இருக்குமா? நாம போறவரைக்கும் வெச்சிருக்குமா?" என்று கேட்டாள். அவள் தமிழில் எல்லோரும் 'அது'தான். திருத்தவில்லை.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, முசரவாக்கத்தைத் தாண்டி நாலைந்து கிலோமீட்டர் போனதும் சாலை முடிந்துவிட்டது. முடிந்துவிட்டது என்றால், வெட்டி எடுத்திருந்தார்கள். குறுக்கே ஆள் உயரத்துக்கு மேல் மண்மேடு ஒன்று வயல்களைக் கிழித்துக்கொண்டு இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டியவரை போனது. புதிதாகப் போடும் விரைவுச் சாலை. திரையில் அது இல்லவே இல்லை. நீலக் கோடு மண்மேட்டுக்குள் நேராகப் போனது. குரல், நேராகச் செல்லவும் என்றது. செய்யாதே என்று நான் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே தவறு.

வண்டியைத் திருப்பினேன். குரல் வேறு வழி கணக்குப் போட்டது. அதுவும் அதே மேட்டில் போய் முட்டியது. இப்படி இருபது நிமிடம். மணி மூன்று நாற்பது.

மேட்டின் ஓரத்தில் தகரம் போட்ட டீக்கடை ஒன்று இருந்தது. ஒரு பெண் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். பெஞ்சில் வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் கண்ணாடியை இறக்கி, கிராமத்தின் பெயரைச் சொல்லி வழி கேட்டேன்.

பெரியவர் வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஊருக்கா சார், காலனிக்கா?"

நான் திரையில் இருந்த நீலக் கோட்டைப் பார்த்தேன்.

"காலனில ஒரு சாவு. அதுக்குத்தான் வண்டிங்க வந்துக்கினு இருக்குது. அதுக்கு வந்தீங்களா?"

பக்கத்தில் மெர்லின் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெரியவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வேட்டியைத் தெரியும், அந்த உட்காரும் விதத்தைத் தெரியும். பத்து வயதில் அப்படி உட்கார்ந்திருப்பவர்களைத் தாண்டும்போது சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன்.

"இல்ல. ஊருக்குத்தான்" என்றேன்.

"ஊர்ல யாரு வூடு?"

"தெரிஞ்சவங்க."

"போன் போட்டுக் குடுக்கட்டா சார்? பேசறீங்களா?"

"வேணாங்க. வழி மட்டும் சொல்லுங்க."

அவர் எழுந்து நின்று, கையை நீட்டி, மரியாதையாகச் சொன்னார். வந்த வழியே திரும்பி, மேட்டை ஒட்டியே போய், பெரிய பாலத்துக்குக் கீழே நுழைந்து சுற்றிக்கொண்டு வர வேண்டும். நன்றி சொன்னேன். டீ ஆற்றிக்கொண்டிருந்த பெண் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு அப்போது ஒரு கணக்கு இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். ஊருக்குள் போய்விட்டால் அங்கிருந்து ஏரிக்கரைமேல் ஐந்தே நிமிடத்தில் எங்கள் தெரு. எனக்குத் தெரிந்த வழி. அதனால் அப்படிச் சொன்னதில் ஒன்றும் கெட்டுவிடாது.

கண்ணாடி ஏறியதும் மெர்லின் கேட்டாள்: "காலனின்னா என்னப்பா?"

"கவர்மென்ட் கட்டிக் குடுத்த வீடுங்க" என்றேன். அது பொய்யில்லை.

6

ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலு இருபது. ஏரிக்கரைப் பாதையில் பாதி தூரத்தில் கரையை வெட்டியிருந்தார்கள். மேட்டுக்கு மண் அங்கிருந்துதான் போயிருக்கிறது. வண்டியை விட்டுவிட்டு இறங்கினோம். மெர்லின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். பள்ளத்தில் இறங்கி, சேற்றில் நடந்து, ஏறினோம். தூரத்தில் எங்கள் தெருவும் அதன் முடிவில் கல்லறைத் தோட்டமும் தெரிந்தன. ஆட்கள் திரும்பி நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

நான் போனபோது குழி மூடியிருந்தது. மண்மேல் மாலைகளைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். சேவியர் கையெல்லாம் மண்ணோடு வந்து என் தோளைப் பிடித்தான்.

"நாலே கால் வரைக்கும் வெச்சிருந்தோம் மாமா. அதுக்கு மேல ஃபாதர் நிக்கல. மொகத்த மூடாம வெச்சிருந்தோம், மாமா வந்துடுவாருன்னு."

நான் குனிந்து ஒரு மாலையைச் சரிசெய்தேன்.

"எந்த வழியா வந்தீங்க?"

ஏரிக்கரையைக் காட்டினேன். அவன் என் கால் சேற்றைப் பார்த்தான். "டீக்கடைய ஒட்டி, வளைவுக்கு அந்தப் பக்கம், மேட்டுக்குக் கீழ சின்னப் பாலம் இருக்குதே மாமா. அதுல பூந்தா ரெண்டு நிமிஷம். கார் நல்லா வரும். நம்ம தெருவுக்குன்னு அடம்பிடிச்சு வாங்கின வழி அது. யாரையும் கேக்கலியா நீங்க?"

"கேட்டேன்."

"தப்பா சொல்லிட்டாங்களா?"

பக்கத்தில் நின்ற மெர்லின், சேவியரைப் பார்த்துத் தன் தமிழில் சொன்னாள்: "அந்தத் தாத்தா சரியாத்தான் கேட்டுச்சு. காலனிக்கா, ஊருக்கான்னு. அப்பாதான் ஊருன்னு சொன்னாரு."

என்னை மட்டும் 'சொன்னாரு' என்றாள்.

அவள் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னாள். சேவியர் என் தோளில் இருந்த கையை எடுத்தான். கோபமாக எடுக்கவில்லை. கை தானாக விலகியது. "வாங்க, வூட்டுக்குப் போலாம். பொண்ணுக்குத் தண்ணி குடுக்கணும்" என்றான்.

அன்று இரவு வரை வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள், வழி தெரியலியாப்பா என்று. தெரியவில்லை என்றே எல்லோரிடமும் சொன்னேன். சேவியர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

7

மறுநாள் காலையில் அந்தச் சின்னப் பாலத்தின் வழியாக நடந்து டீக்கடைக்குப் போனேன். நடந்தே ஏழு நிமிடம்தான் ஆனது. பெஞ்சில் யாரும் இல்லை. அந்தப் பெண் டீயைக் கொடுத்துவிட்டு, "மரியாக்கா தம்பிதானே நீங்க?" என்று கேட்டாள்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அப்பிடியே அக்கா மொகம். நேத்து கண்ணாடிய இறக்கினப்பவே தெரிஞ்சி போச்சி. நானும் அந்தத் தெருதான் சார். அடக்கத்துக்குக் கடையச் சாத்திட்டுக் கெளம்பத்தான் இருந்தேன்."

"அப்ப சொல்லியிருக்கலாமேம்மா."

அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க ஊருக்குன்னு சொல்லிட்டீங்க. பக்கத்துல பொண்ணு ஒக்காந்துக்கினு இருக்குது. அது எதுர்ல உங்கள எப்பிடி சார் பொய்யாக்கறது? உட்டுட்டேன். வண்டில ஏறிக்கினு நானே கூட வந்துருக்கலாம். ராத்திரி பூரா அதான் எனக்கு மனசுல."

என் பொய்யைக் காப்பாற்றியதற்காக அவள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாள். டீயைக் குடித்து முடிக்க முடியவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை.

8

திரும்பி வந்த பிறகு மெர்லின் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தானே தேடிப் படித்திருக்கிறாள். சேவியரோடு செய்திகள் அனுப்பிக்கொள்கிறாள், அவன் தமிழில் குரல் பதிவு அனுப்புவான், இவள் ஆங்கிலத்தில் பதில் எழுதுவாள். போன பொங்கல் கூட்டத்தில் ஒரு அம்மாள் அவளிடம், "அப்பாவுக்குக் காஞ்சிபுரத்துல எந்தத் தெருடா செல்லம்?" என்று கேட்டாள். மெர்லின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பதில் தெரியும். நான் சொல்வேனா என்று பார்த்தாள். தட்டில் இன்னொரு வடை வைத்துக்கொள்ள நான் எழுந்து போனேன். அதற்குப் பிறகு அவள் கூட்டங்களுக்கு வருவதில்லை. இந்த வருடம் அடிலெய்டில் தோழிகளோடு தனியாக வீடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். படிப்புக்காக என்று சொல்லிக்கொள்கிறோம்.

இந்த வாரம் சேவியரிடமிருந்து செய்தி வந்தது. ஒரு வருடப் பூசையன்று கல்லறையில் கல் நிறுத்துகிறார்கள். அக்காவின் பெயருக்குக் கீழே குடும்பத்தாரின் பெயர்களைப் பொறிக்கிறார்கள். "உங்க பேருக்குப் பக்கத்துல ஆஸ்திரேலியான்னு போட்டுடவா மாமா?" என்று கேட்டிருந்தான்.

இரண்டு நாள் பதில் எழுதவில்லை. மூன்றாம் நாள், வேலைக்கு இடையில் ஒரு சின்ன ஊரில் டவர் வந்தபோது, வண்டியை ஓரமாக நிறுத்தி எழுதினேன். ஆஸ்திரேலியா வேண்டாம், நம் கிராமத்தின் பெயரைப் போட்டு, பக்கத்தில் காலனி என்றும் சேர்த்துப் போடு என்று. அந்தச் சொல்லை என் கையால் எழுதியது அதுவே முதல் முறை. அனுப்பினேன். பெரிய காரியம் செய்துவிட்டதுபோல் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"காலனின்னு நாங்க எழுதறதில்ல மாமா. மாதா நகர்னு பேரு மாத்தி மூணு வருஷம் ஆவுது. ஊர்க்காரங்கதான் இன்னும் பழசச் சொல்லிக்கினு இருக்காங்க. மனு எழுதி, ஆபீஸ் ஆபீஸா நடந்து பேர மாத்தினதே அம்மாதான். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று எழுதினேன்.

"செரி மாமா. அப்ப ஆஸ்திரேலியான்னே போட்டுடறேன்."